சாரலும் தவணையும்: சின்ன ஹோட்டல் வைக்கிறவர்களுக்குச் சில கடன் குறிப்புகள்

தென்காசிப் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கிறவரிடம் "யாவாரம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டால், "தண்ணி விழுதான்னு பாக்கணும்" என்றுதான் பதில் வரும். குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழுந்தால் பிரானூர் பார்டர் வரை புரோட்டாக் கல் ஆறாது. விழாவிட்டால் மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வங்கித் தவணைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மாதம் பிறந்தால் அது வந்து நிற்கும்.

என் சித்தப்பா தென்காசியில் டிபன் கடை நடத்தினார். ஒரு முறை போன வங்கிக்கு மறுபடி போகக் கூச்சப்பட்டு, வெளியில் வட்டிக்கு வாங்கி அவர் பட்டதை வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் நான். அவருக்கு யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தவற்றையே எழுதுகிறேன். சொத்துப் பத்திரம் வைக்காமல், அரசு உத்தரவாதத்தோடு கிடைக்கும் வங்கிக் கடன்கள் பற்றியவை இவை.

1. உத்தரவாதம் யாருக்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வங்கியில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது:

"அரசாங்கமே கேரண்டி குடுக்குதுல்லா சார், அப்ப நாங்க கெட்ட முடியாமப் போனாலும் அவங்க பாத்துக்கிடுவாங்கல்லா?"

"அது எங்களுக்குக் குடுக்கிற கேரண்டி அண்ணாச்சி. நீங்க முழுசாக் கட்டித்தான் ஆகணும்."

மேனேஜர் சொல்வதுதான் சரி. மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-ல் தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. வங்கிக்காரர்கள் அதைச் சுருக்கமாக சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்பார்கள். குறுந்தொழிலுக்கு 5 லட்சம் வரை கொடுத்த கடன் வராமல் போனால் இழப்பில் 85 சதவீதத்தையும், 5 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீதத்தையும் அந்த அறக்கட்டளை வங்கிக்கு ஈடுகட்டும். அதனால்தான் வங்கி வீட்டுப் பத்திரம் இல்லாமல் பணம் தரத் துணிகிறது. வங்கிக்கு அந்தப் பணம் வந்த பிறகும் உங்கள் பெயரில் இருக்கும் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வசூல் நடவடிக்கை தொடரும், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவும் கெடும்.

வேறு நாடுகளிலும் இதே ஏற்பாடு உண்டு. அமெரிக்காவின் சிறுதொழில் நிர்வாகம் 1,50,000 டாலர் வரையிலான கடனுக்கு வங்கிக்கு 85 சதவீதமும் அதற்கு மேல் 75 சதவீதமும் பொறுப்பேற்கிறது. கொரோனா ஆண்டில் பிரிட்டன் 50,000 பவுண்டு வரை 100 சதவீத உத்தரவாதத்தோடு சிறு கடைகளுக்குக் கடன் கொடுத்தது. அங்கும் கடை வைத்தவர்தான் முழுத் தொகைக்கும் பொறுப்பு.

2. எந்தக் கடன் உங்களுக்கு என்பதைத் தொகையை வைத்து முடிவு செய்யுங்கள். 2015 ஏப்ரல் 8-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று மூன்று படிகள். தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்காக 2024 அக்டோபரில் தருண் பிளஸ் வந்தது. அதில் 20 லட்சம் வரை கேட்கலாம். முத்ராவுக்குத் தனி உத்தரவாத நிதி இருப்பதால் சொத்துப் பிணை இல்லை. அரசு வங்கிகளில் சிசு கடனுக்குப் பரிசீலனைக் கட்டணமும் இல்லை. பெரிய ஹோட்டல், மாடியில் ரூம் என்று போகிறவர்கள் நேரே சி.ஜி.டி.எம்.எஸ்.இ. கடன் என்று கேளுங்கள். அதன் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி. நம்மில் பெரும்பாலோருக்கு கிஷோரும் தருணுமே போதும்.

3. தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி, சுண்டல், சிப்ஸ் விற்கிறவர்களுக்கு முத்ராவைவிட பி.எம். ஸ்வநிதி நல்லது. 2020 ஜூன் 1-ல் வந்த திட்டம் இது. 2025 ஆகஸ்டில் மாற்றியமைத்து 2030 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இப்போது முதல் கடன் 15,000, அதைக் கட்டினால் 25,000, அதையும் கட்டினால் 50,000. ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரும். நகராட்சியோ பேரூராட்சியோ தருகிற வியாபாரி அடையாள அட்டை வேண்டும். இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதமாவது வேண்டும். அருவிக்கரையில் தலைமுறையாகக் கடை போட்டும் இந்த அட்டை வாங்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் வியாபாரம் போனாலும் பரவாயில்லை, போய் வாங்கிவிடுங்கள்.

4. மானியம் வேண்டுமென்றால் கடை எந்த எல்லைக்குள் வருகிறது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) உணவகம் சேவைத் தொழிலாகக் கணக்கில் வரும். 2022 திருத்தப்படி 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 15 சதவீத மானியம், கிராமப்புறத்தில் 25. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. கைமுதலாகப் பொதுப் பிரிவினர் 10 சதவீதமும் மற்றவர்கள் 5 சதவீதமும் போட வேண்டும்.

இந்த 10 சதவீத வித்தியாசம் நம் ஊரில் ஒரு தெரு தள்ளினாலே வந்துவிடும். தென்காசி நகராட்சிக்குள் கடை போட்டால் நகர்ப்புறம். பக்கத்து ஊராட்சி எல்லையில் போட்டால் கிராமப்புறம். 10 லட்சம் திட்டத்தில் இது 1 லட்சம் ரூபாய். குற்றாலம் பேரூராட்சி. அதை எந்தக் கணக்கில் எடுப்பார்கள் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு இடம் பாருங்கள். புது நிதியாண்டுக்கு விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

மானியப் பணம் கைக்கு வராது. 3 ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, கடை ஒழுங்காக நடந்தால் கடனில் கழியும். அது வந்ததும் பழைய கடனை அடைக்கலாம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய விதியில் இறைச்சி பரிமாறும் கடைகள் தடைப்பட்டியலில் இருந்தன, பின்னால் அது தளர்த்தப்பட்டது. இது தெரியாத சிலர், நாட்டுக்கோழியும் காடையும் விற்கப் போகிறவரிடம் "சைவம்னு எழுதிருங்க" என்பார்கள். பொய் எழுதாதீர்கள். ஆய்வுக்கு ஆள் வரும்போது அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருக்கும், மானியம் போய்விடும். மது பரிமாறும் கடைக்கு மட்டும் இந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

5. வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தையும் அதே மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம். பொதுப் பிரிவினருக்கு வயது 45 வரை, மற்றவர்களுக்கு 55 வரை. குடும்ப வருமான வரம்பும் உண்டு. ஒரே தொழிலுக்கு இரண்டு அரசு மானியம் வாங்க முடியாது.

6. இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தவணையைச் சாரல் சீசனோடு பொருத்துங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 5 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 10,870 ரூபாய். மொத்தம் கட்டுவது 6,52,000-ஐத் தாண்டும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய, அருவியில் தண்ணீர் விழும்போது, இந்தத் தொகை இரண்டு சனி ஞாயிறில் கல்லாவில் சேர்ந்துவிடும். கார்த்திகை பிறந்து அச்சன்கோவில், ஆரியங்காவு போகிற ஐயப்ப பக்தர்கள் குளிக்க வரும்போதும் சமாளிக்கலாம், சைவச் சாப்பாடு மட்டும் தயாராக இருக்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் மூச்சுத் திணறும். பாறை காய்ந்து கிடக்கும், ரோட்டில் வண்டி இருக்காது, தவணை மட்டும் அதே 10,870.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கடன் ஒப்புதல் ஆகும் முன்பே, "சார், எங்க யாவாரம் சீசனைப் பொறுத்தது, அதுக்குத் தக்கன தவணை போட்டுக் குடுங்க" என்று எழுத்தில் கேளுங்கள். வருமானம் வரும் மாதங்களுக்கு ஏற்பத் தவணையை அமைக்க வங்கிகளால் முடியும். கேட்காதவர்களுக்கு எல்லா மாதமும் ஒரே தவணை என்று கம்ப்யூட்டர் போட்டுவிடும்.

அடுத்தது, தவணை தொடங்கும் மாதம். முதல் 6 மாதம் அசல் கட்டாமல் வட்டி மட்டும் கட்டும் சலுகைக் காலம் கேட்கலாம். மேலே சொன்ன கடனுக்கு அந்த மாதங்களில் வட்டி 4,583 ரூபாய்தான் வரும். ஆனால் அந்தச் சலுகை எப்போது முடிகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். செப்டம்பரில் பணம் வாங்கினால் 6 மாதம் கழித்து முதல் முழுத்தவணை மார்ச்சில், மிக மோசமான நேரத்தில், வந்து விழும். டிசம்பர், ஜனவரியில் வாங்கினால் அது ஜூன், ஜூலையில் வரும். கடன் அதேதான், வட்டியும் அதேதான்.

மூன்றாவது வழி கொஞ்சம் நுணுக்கமானது. சீசனில் கையில் பணம் புரளும்போது பலர் நாலு தவணையைச் சேர்த்துக் கடன் கணக்கில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பல வங்கிகளில் அந்தப் பணம் அசலில் கழிந்துவிடும். அடுத்த மாதத் தவணை அப்படியே நிற்கும், கட்டாவிட்டால் தவறியதாகவே பதிவாகும். எனவே முன்கூட்டிக் கட்டும் முன், இது அசலில் கழியுமா, வரும் தவணைகளுக்கு வரவாகுமா என்று கேளுங்கள். அசலில்தான் கழியும் என்றால், அந்தப் பணத்தை வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டு, தவணை அங்கிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டுப் பெண்களிடம் இருக்கட்டும்.

7. கல், கிரைண்டர், பிரிட்ஜ், மேஜைக்கு டெர்ம் லோன் வாங்குங்கள். மைதா, எண்ணெய், கோழி, சிலிண்டருக்கு கேஷ் கிரெடிட் வாங்குங்கள். கேஷ் கிரெடிட்டில் எடுத்த பணத்துக்கு, எடுத்திருந்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. சீசனில் தினமும் கல்லாப் பணத்தை அதில் போட்டு, சந்தைக்குப் போகும்போது எடுத்தால் வட்டி மளமளவென்று குறையும். எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆண்டு விற்பனையில் 20 சதவீதம். 30 லட்சம் விற்கிற கடைக்கு 6 லட்சம் வரை கேட்கலாம்.

8. அந்த 30 லட்சத்தைக் காட்டுவது எப்படி? சித்தப்பா கடையில் எல்லாக் கணக்கும் அவர் தலையில்தான் இருந்தது. நோட்டு கிடையாது. இன்று கியூ.ஆர். ஒட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது, வங்கி அறிக்கையே சாட்சி சொல்லும். ரொக்கமாக வருவதையும் மறுநாள் காலையில் கணக்கில் போட்டுப் பழகுங்கள். ஒரு 200 பக்க நோட்டில் தேதி, விற்பனை, சரக்கு, சம்பளம் என்று நாலு கோடு போட்டு இரவு கடை சாத்தும் முன் எழுதுங்கள். ஓர் ஆண்டு நோட்டு கையில் இருந்தால், தவணை எந்த மாதம் இளைக்க வேண்டும் என்று மேனேஜருக்கு நீங்களே காட்டலாம். அதைவிட நல்ல திட்ட அறிக்கையை எந்த ஆடிட்டரும் எழுத முடியாது.

9. காகிதங்கள்: ஆதார், பான், உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உள்ளாட்சித் தொழில் உரிமம், வாடகை ஒப்பந்தம், 6 மாத வங்கி அறிக்கை, இயந்திரங்களுக்கு விலைப்புள்ளி. உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் முழுக்க இலவசம். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத உணவகத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை.

10. ஒரு சீசனுக்கு ஏலம் எடுத்த கடைக்கு 5 ஆண்டுக் கடன் வாங்காதீர்கள். அருவிக்கரைக் கடைகளில் பல அப்படி ஆண்டுக்காண்டு ஏலம் போகிறவை. அடுத்த ஆண்டு ஏலம் வேறொருவருக்குப் போனால் கடை போகும், கடன் மட்டும் நம்மோடு நிற்கும். அந்த மாதிரி இடத்துக்குச் சிசு அல்லது சிறிய கேஷ் கிரெடிட் போதும். நிரந்தரக் கடைக்கும் 11 மாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு 5 ஆண்டுத் தவணையில் இறங்குவது ஆபத்து. வீட்டுக்காரரிடம் பேசி, குறைந்தது கடன் காலத்துக்காவது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

11. "வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். சித்தப்பா அப்படித்தான் எழுந்து வந்தார். அவர் கேட்டது 2 லட்சம். எந்த வங்கி என்று எழுத விருப்பமில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர் அன்று முழுக்கப் பேசவில்லை. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. இது அவருக்குத் தெரியாது. நீங்கள் மரியாதையாக, "சார், இது பத்து லட்சத்துக்குள்ளதான், உத்தரவாதத் திட்டத்துல சேத்துக் குடுங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியைச் சொன்னாலே பேச்சின் போக்கு மாறும். உத்தரவாதத்தில் முழுதாகச் சேர்த்த கடனுக்கு வெளியாள் ஜாமீனும் தேவையில்லை.

12. விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். 25 லட்சம் வரையிலான கடனுக்கு, காகிதங்கள் முழுதாகக் கொடுத்த 14 வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தையாக "அப்புறம் பார்க்கலாம்" என்பதற்கு மதிப்பில்லை. கிளையில் பேசியும் நடக்காவிட்டால் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்ப்பது பல நேரங்களில் இதைவிடச் சீக்கிரம் பலிக்கும்.

13. முத்ராவுக்கு ஏஜெண்ட் கிடையாது. வாட்ஸ்அப்பில் "உங்கள் லோன் சாங்ஷன், 2,500 கட்டுங்கள்" என்று வந்தால் அது திருட்டு.

14. சிபில் பதிவை விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். பழைய டிவி தவணையில் பாக்கி நின்ற 600 ரூபாய்கூட அங்கே நிற்கும். இதுவரை கடனே வாங்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்கிறவரைத் தள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலை.

15. ஒப்புதல் கடிதத்தை வீட்டில் படித்த பிள்ளையை வைத்து வரி வரியாகப் படித்துக்கொள்ளுங்கள். வட்டி மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று பாருங்கள். உத்தரவாதக் கட்டணம் எவ்வளவு, அது ஆண்டுதோறும் போகுமா என்பதையும் கேளுங்கள். 2023 திருத்தப்படி சி.ஜி.டி.எம்.எஸ்.இ.-யில் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 0.37 சதவீதம், அதாவது 10 லட்சத்துக்கு 3,700 ரூபாய். கடையிலுள்ள பொருட்களுக்கு இன்சூரன்ஸ் கேட்பது நியாயம். கடனோடு சேர்த்து ஆயுள் பாலிசி ஒன்றையும் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம். 2026 ஜனவரி 1-க்குப் பிறகு ஒப்புதலாகும் மாறும் வட்டித் தொழில் கடன்களை முன்கூட்டி அடைத்தால், தனிநபரிடமும் சிறு தொழிலிடமும் வணிக வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது.

16. வாங்கிய பணத்தைக் கல்லிலும் அடுப்பிலும்தான் போட வேண்டும். தங்கை கல்யாணம், பழைய கடன், பைக் எதற்கும் அதைத் தொடாதீர்கள். கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் பில்லோடு வாங்குங்கள். வங்கியே கடைக்காரருக்கு நேராகப் பணம் அனுப்பும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

17. இன்சூரன்ஸ் போடாமல் ஒரு நாள்கூடக் கடை திறக்காதீர்கள். 2023 ஆகஸ்டில், சீசன் நேரத்திலேயே, பேரருவிப் பக்கத்துக் கடைகளில் தீப்பிடித்ததை நம்மால் மறக்க முடியாது. சரக்கை நிரப்பி வைத்திருந்த நேரம். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பிள்ளையின் உயிர் போனது. அதன்பிறகு அருவிகளில் குளிக்கத் தடை விழுந்தது, சீசன் தொடங்கும் முன்பே கூட்டம் நின்றது. தீக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்துக் குறுந்தொழில்களுக்கென்றே பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடை எரிந்தால் அது ஈடுகட்டும். கூட்டம் வராததற்கு ஈடுகட்டாது, அதற்கு மூன்று மாதத் தவணையைக் கையிருப்பாக வைத்திருப்பதுதான் வழி.

கடையில் 19 கிலோ கமர்சியல் சிலிண்டர் மட்டும் வையுங்கள். விலை குறைவென்று வீட்டு சிலிண்டரை மாட்டியிருந்தால், விபத்து நடந்த அன்று இழப்பீடு கேட்கும் வழியும் அடைபடும். வேலைக்கு இருக்கும் தம்பிகளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடு எடுத்துக் கொடுங்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவர்கள் அவர்கள்.

18. தவணை கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே வங்கிக்குப் போங்கள். தவணை தவறி 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்னால் போனால் காலத்தை நீட்டவும் தவணையைக் குறைக்கவும் மேனேஜரிடம் வழி இருக்கும். பின்னால் போனால் அவர் கையும் கட்டப்பட்டுவிடும். போனை எடுக்காமல் ஒளிவது நம் ஆட்கள் செய்கிற பெரிய தவறு. வெட்கம் காரணம் என்று எனக்குத் தெரியும். பிரிட்டனில் அந்தக் கொரோனாக் கடனை 6 ஆண்டிலிருந்து 10 ஆண்டுக்கு நீட்டிக்கொள்ள அரசே வழி செய்தது. நீட்டிப்புக் கேட்பதில் கேவலம் ஒன்றுமில்லை.

கொரோனாவில் நம் ஊருக்கும் அப்படி ஒரு கதவு திறந்தது. 2020, 2021 இரண்டு சாரலும் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லாமலே போயின. அப்போது மத்திய அரசு 100 சதவீத உத்தரவாதத்தோடு அவசரக் கடன் கொடுத்தது. 2021 மார்ச்சில் உணவகம், விடுதி, சுற்றுலாத் தொழிலுக்கென்று தனிப் பிரிவு வந்தது. பழைய கடன் பாக்கியில் 40 சதவீதம் வரை கூடுதல் கடன், திருப்பிக் கட்ட 6 ஆண்டு, அதில் முதல் 2 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். ஆனால் 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் கடன் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. வெளியில் வட்டிக்கு வாங்கிக் கடை நடத்தியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 50,000 ரூபாய் சிசு கடனாவது வங்கியில் எடுத்து ஒழுங்காகக் கட்டி வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

19. கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள். 10 வட்டி என்றால் 1 லட்சத்துக்கு மாதம் 10,000, ஓர் ஆண்டில் 1,20,000, அசல் அப்படியே இருக்கும். தண்டல் லேசாகத் தெரியும். 10,000 என்று சொல்லி 9,000 கையில் கொடுத்து நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். ஆண்டு வட்டியாகக் கணக்குப் பார்த்தால் 70 சதவீதத்துக்கு மேல் போகும். அதிக வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று, நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில், நம் பகுதிக் குடும்பம் ஒன்று கந்துவட்டிக் கொடுமையால் பிள்ளைகளோடு தீக்குளித்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களால் இன்றும் அதை நினைக்க முடியவில்லை. மிரட்டல் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் மனுநீதி நாளுக்கும் போங்கள்.

20. மாதக் கணக்கு ஒன்று. ஜூன் முதல் வாரம் கடை திறக்க வேண்டுமென்றால், ஜனவரியில் இடம் பார்த்து ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். பிப்ரவரியில் சிபில், உத்யம், விலைப்புள்ளி. மாத இறுதிக்குள் விண்ணப்பம். மார்ச் கடைசியில் வங்கிக்குப் போகாதீர்கள், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் உங்கள் பேப்பர் அடியில் போய்விடும். ஒப்புதல் ஏப்ரலில் வந்தாலும் போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் இன்சூரன்ஸையும் அந்த மாதமே முடித்துவிடுங்கள். மே 20-க்குள் கல் வந்து இறங்க வேண்டும். புதுக் கல்லை எண்ணெய் தடவிப் பழக்க ஒரு வாரமாவது ஆகும்.